துண்டுக்குள் நாடி

காலைச் சாயா வருவதற்குள் சங்கரலிங்கம் பிள்ளை தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துவிடுவார். மடியில் கிடக்கும் இடது கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் வலது கையை விட்டு, முகட்டைப் பார்த்தபடி இருப்பார். சொந்தக் கைக்கு எதற்கு மறைப்பு என்று கேட்டால், "தொறந்த வெளியில கையப் பிடிச்சு எனக்குப் பழக்கமில்லே, கேட்டீரா" என்பார்.

மட்டாஞ்சேரி பஜாரில் அவர் மிளகுத் தரகர். அங்கே விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவரும் தரகரும் ஒரு துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொண்டு, விரலை அமுக்கியே பேரத்தை நடத்துவார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்தால் தரகர் துண்டை உதறித் தோளில் போட வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதில் பிள்ளையை மிஞ்ச ஆளில்லை. அப்படியும் ஏற்றுமதிக் கம்பெனிக்கு மிளகு வாங்கும் வெங்கிடாசலம் மட்டும் அவரை எப்போதும் அடிமட்ட விலைக்கு இறக்கிவிடுவார். எப்படி என்பது பிள்ளைக்கு வருஷக்கணக்காகப் பிடிபடவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷத்து மழைக்காலத்தில் பிள்ளை மிளகுச் சாக்கின் மேலேயே மயங்கி விழுந்தார். நெஞ்சு அடிக்க வேண்டியதை நடுநடுவே மறந்துபோகிறது என்று சொல்லி, எறணாகுளத்து டாக்டர் இடது தோளுக்குக் கீழே கீறி, தீப்பெட்டி மாதிரி ஒரு பேஸ்மேக்கரை உள்ளே வைத்துத் தைத்தார். "கொஞ்ச நாளைக்கு இடது கையை உயர்த்தக் கூடாது" என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று பிள்ளை கேட்டுக்கொள்ளவில்லை. தையல் ஆறி மாதக்கணக்கான பிறகும் அந்தக் கை யாருக்கோ சொந்தமானது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அசைக்கச் சொல்லி அதட்டியும் பயனில்லை. சட்டையை மனைவி மாயம்மாள்தான் மாட்டிவிட்டாள். மெஷினுக்கு ஆகாதென்று டிரான்சிஸ்டரை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். இடி இடித்தால், "மின்னல் மெஷினத் தேடித்தான் வரும்" என்று கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் பஜாருக்குத் திரும்பிய அன்று முதல் பேரமே வெங்கிடாசலத்தோடு. துண்டுக்குள் விரல்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெங்கிடாசலத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

"எந்தா பிள்ளே இது! விலையக் குறைக்கக் குறைக்க உம்ம நாடி குதிக்குமே, இன்னிக்குக் கடியாரம் மாதிரி அடிக்கி?" என்று கத்திவிட்டார்.

குட்டு உடைந்தது. இத்தனை காலமும் அந்த மனுஷன் விரலால் விலை பேசிக்கொண்டே கட்டைவிரலால் நாடி பார்த்திருக்கிறார். முகம் எவ்வளவுதான் கல்லாக இருந்தாலும் மணிக்கட்டு உள்ளதைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. இப்போது என்ன ஆனாலும் மெஷின் ஒரே சீராகத்தான் அடிக்கும். அன்று பிள்ளை கேட்ட விலைக்கே மிளகு போயிற்று.

பஜார் அல்லோலகல்லோலப்பட்டது. சுக்குத் தரகர் ராசப்பன் ரகசியமாக வந்து, "சேட்டா, நல்ல நெஞ்சுக்காரனுக்கும் இத வச்சுத் தருவாங்களா?" என்று விசாரித்தார். துண்டுக்குள் இரண்டு கை இருக்கலாம், பேட்டரி இருக்கலாமா என்று வெங்கிடாசலம் வியாபாரிகள் சங்கத்தில் பிராது கொடுத்தார். சங்கம் கூடியது. சாயாவும் பழம்பொரியும் தீர்ந்த பிறகு தீர்ப்பும் வந்தது: இனிமேல் பிள்ளை மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் பேரத்துக்குக் கை நீட்ட வேண்டும். நாடி கைக்குத் தட்டாவிட்டால் மெஷினும் இல்லை என்று அர்த்தமாம்.

ஜெயித்தவருக்குத்தான் சந்தோஷமில்லை. "கெலிச்சேன், ஆனா நெஞ்சு குதிக்கல்லே. கெலிச்சது நானா, மெஷினா?" என்று மாயம்மாளிடம் கேட்டார். எப்படியாவது குதிக்க வைத்துவிடப் பார்த்தார். படகுத்துறையில் படகு நகரும் வரை காத்திருந்து தாவினார். படகிலிருந்த எல்லோருக்கும் நெஞ்சு திக்கென்றது, அவர் ஒருவரைத் தவிர. சுள்ளிக்கல் பக்கம் ஊரறிந்த ஒரு கடிநாயின் வாலை வேண்டுமென்றே மிதித்தார். அவர் நின்று நாடி பார்ப்பதைக் கண்டு நாய்தான் மிரண்டு ஓடிற்று. சந்தோஷமும் துக்கமும் நாடியில் இல்லை என்று டாக்டர் சொன்னதற்கு, "பின்னே எங்க சார் இருக்கு? இடத்தக் காட்டும்" என்று சண்டைக்குப் போனார்.

பிறகு பஜாருக்குப் போவதையே நிறுத்திவிட்டார். "ஆளு போயாச்சு, பேட்டரிதான் பாக்கி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அறுத்த இடத்தில் தன்னை எடுத்துவிட்டார்களோ என்று உண்மையாகவே பயந்தார். அந்தப் பயத்துக்கும் நாடி அசையவில்லை என்பது அதைவிடப் பெரிய பயம்.

மாயம்மாள் ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். யார் வந்து விசாரித்தாலும், "எனக்கென்ன பயம்? மெஷின் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். அவளுக்கே ஒரு சாயங்காலம் பொறுமை போயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தோளிலிருந்த துண்டை உருவி, அவருடைய வலது கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்தாள்.

"எனக்கு உங்க விரல் கணக்கெல்லாம் தெரியாது. வாயாலயே சொல்லுங்க. நாளைக்குப் பஜாருக்குப் போறீங்களா, இல்லியா?"

"எதுக்குட்டி போகணும்? ஆளுதான் இல்லியே."

"சுவரப் பாத்து உக்காரதுக்கா வெட்டித் தச்சாங்க? போனாப் போங்க, இருந்தா இருங்க. எனக்கு ஒரு பயமும் இல்லே."

அவள் முகம் கல்லாக இருந்தது. பிள்ளையே அப்படி ஒரு முகத்தைப் பஜாரில் வைத்ததில்லை. ஆனால் வெங்கிடாசலத்தின் வித்தை தெரிந்த நாளிலிருந்து அவருடைய கட்டைவிரலுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. அது தானாக நகர்ந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. உள்ளே நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் ஓடியிருக்கும் என்று நினைத்தார். அவருடைய நெஞ்சு அப்போதும் குதிக்கவில்லை; அது பாட்டுக்கு ஒரே சீராக அடித்தது. கண் மட்டும் நிறைந்து, நீர் மூக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"போறேன்" என்றார்.

விலை படிந்துவிட்டது. மாயம்மாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிள்ளை துண்டை உதறவில்லை. இத்தனை மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த இடது கையைத் தூக்கி, அந்தத் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.