பந்தின் மேல் உட்கார்ந்த சாச்சா

எங்கள் சாச்சாவுக்கு ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அப்பாவின் தம்பி, வாரமெல்லாம் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் பையன்கள் ஆடும் ஃபுட்பாலுக்கு ரெஃப்ரி. விசில் கழுத்தில் ஏறிவிட்டால் மனிதருக்குச் சொந்தபந்தமே மறந்துபோகும். "கிரவுண்டுல நான் சாச்சா இல்ல, சார்" என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அண்ணனுக்குத்தான் அது வாயில் வரவே வராது. பந்து வெளியே போனால் போதும், "சாச்சா! த்ரோ நம்முளுது சாச்சா!" என்று கத்துவான். அதற்காகவே ஒருமுறை மஞ்சள் அட்டையும் வாங்கினான்.

அந்த வருஷம் ஃபைனலில் எங்கள் தெரு டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவர்மேல். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு அண்ணன் எம்பினான். கம்பத்தில் அவன் தலை மோதிய சத்தம் எனக்கே கேட்டது. மல்லாந்து விழுந்தான். யாரோ ஓடிவந்து சோடாவை முகத்தில் பீய்ச்சினார்கள், இன்னொருவர் ஷூவைக் கழற்றி மூக்கில் வைத்தார். எங்கள் ஊரில் ஷூவுக்கா பஞ்சம்! அண்ணன் எழுந்து நின்று சிரித்தான். கூட்டம் விசிலடித்தது.

சாச்சா வந்து அவன் கண்ணை உற்றுப் பார்த்து ஏதோ கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆட்டத்த ஆரம்பிங்க சார்" என்றான் அண்ணன், அத்தனை பணிவாக.

சாச்சாவின் முகம் வெளுத்துப்போனது. அவனை வெளியே போகச் சொன்னார்.

அவ்வளவுதான், மைதானம் பொங்கிவிட்டது. கோப்பை கொடுக்க வந்திருந்தவர் சாச்சாவின் முதலாளியேதான். நாற்காலியை விட்டு எழுந்து உள்ளேயே வந்துவிட்டார். "பையன் ஜம்முனு நிக்கிறான், நீ இன்னாப்பா பேஜார் பண்ற?"

சாச்சா பந்தை நடுவட்டத்துக்கு எடுத்துப்போனார், கீழே வைத்தார், அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "அவன் ஆஸ்பத்திரிக்குப் போனாதான் ஆட்டம். வேற ஆள இறக்குங்க."

யா அல்லாஹ்! இத்தனை ஜனமும் கத்துகிறது, சம்பளம் கொடுக்கிறவர் எதிரே நிற்கிறார், இந்த ஒல்லி மனிதர் அசையவே இல்லை. அத்தனை பெரிய ஆளை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் வேறு பையன் இறங்கினான், கோப்பை கைநழுவியது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அண்ணன் காரிலேயே வாந்தியெடுத்தான். இன்னொரு அடி பட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பதே கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா சாச்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

போன ரம்ஜானுக்கு சேமியா சாப்பிட்டுக்கொண்டே சாச்சாவிடம் கேட்டேன்: "எழுந்து நின்னு சிரிச்சானே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஸ்பூனைக் கீழே வைத்தார். "என்னை சார்னு கூப்ட்டாம்மா. நான் யாருன்னே அவனுக்குத் தெரியல."

நானோ அன்று சுவர்மேல் உட்கார்ந்து, அண்ணனுக்கு ஒருவழியாக மரியாதை வந்துவிட்டதே என்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.