கைப்பிடியைப் பற்றி எழுந்தவள்

பொம்மசந்திராவில் மூட்டுத் தேய்மானத்தை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் தனக்கோடி ஏழு வருடமாகத் துப்புரவு வேலை செய்தாள். அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த முட்டிகளின் குருத்தெலும்பிலிருந்து அங்கே செல்களைப் பிரித்து, இன்குபேட்டர் பெட்டியில் கதகதப்பாக வைத்து வளர்ப்பார்கள். மூட்டு வீங்கி அழலும்போது இவை ஏன் சாகின்றன, தேய்ந்த இடத்தை மறுபடி வளரவைக்க முடியுமா என்பதுதான் அவர்கள் தேடிய விடை.

தனக்கோடிக்கே இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் வேலை. முட்டிவலி என்று சொன்ன, கூட வேலை செய்த சந்திரம்மாவைச் சூப்பர்வைசர் ஃபிராங்க்ளின் மறுவாரமே நிறுத்திவிட்டதை அவள் பார்த்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் தரை துடைக்க மண்டியிட்டவளால் எழ முடியவில்லை. வலது முட்டி அப்படியே பூட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த இன்குபேட்டரின் கைப்பிடியைப் பற்றித்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமை அதன் கதவு ஒரு விரல் அகலம் திறந்து கிடந்தது. எச்சரிக்கை மணி ரிப்பேரில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. விஞ்ஞானி ஸ்ரீரஞ்சனி ஆறு வாரமாக வளர்த்த செல்கள் எல்லாம் செத்திருந்தன. தனக்கோடி வாளியோடு கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வேலை போனால் ஸ்ரீராம்புரத்து வீட்டில் அடுப்பு எரியாது. வெளியே ஆராய்ச்சி மாணவன் சுனிலை விசாரிக்கும் குரல் கேட்டது. சனிக்கிழமை வருகைப் பதிவில் அவன் பெயர்தான் கடைசி.

அதற்குமேல் தனக்கோடியால் உள்ளே நிற்க முடியவில்லை; தாழைத் திறந்துகொண்டு ஸ்ரீரஞ்சனியிடம் போனாள்.

“நான்தான் மேடம் அந்தப் பொட்டிய புடிச்சி எழுந்தேன். முட்டி மடங்குனா நிமிர மாட்டேங்குது. அந்தப் புள்ளய ஒண்ணும் கேக்காதீங்க.”

ஸ்ரீரஞ்சனி அவள் முட்டியைப் பார்த்தாள். பிறகு, “எத்தனை நாளா வலிக்கறது?” என்றாள்.

“மூணு வருஷமா.”

ஃபிராங்க்ளின் அன்றே அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைக்கப் பார்த்தார். ஸ்ரீரஞ்சனி விடவில்லை. கண்ணாடிக் குடுவைகளை உட்கார்ந்தபடி கழுவும் வேலைக்குத் தனக்கோடியை மாற்றினார்கள். செல்களை முதலிலிருந்து வளர்க்கத் தொடங்கினார்கள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முட்டியை மாற்றத்தான் வேண்டும் என்றார். இங்கே தேடுகிற மருந்து தனக்குக் கிடைக்குமா என்று தனக்கோடி ஸ்ரீரஞ்சனியிடம் கேட்டாள். அது வர இன்னும் பல வருடம் ஆகும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள்.

கத்தி என்றாலே தனக்கோடிக்குப் பயம். அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். மூன்றாவது தேதி வருகிற வியாழக்கிழமை. அதற்காவது போவாளா என்று அவளுக்கே தெரியவில்லை.