கிடாய் வாசம்

கங்கைகொண்டானுக்குப் பக்கத்தில், வெள்ளாட்டுக் கிடாய்களின் விந்தை உறைய வைக்கும் நிலையம் ஒன்றில் எனக்கு வேலை. பகல் குறையும் ஐப்பசி, கார்த்திகையில் கிடாய்களின் உடம்பில் சுரப்பு கூடும், வீச்சமும் கூடும். எத்தனை சோப்புப் போட்டாலும் அது என்னை விட்டுப் போகாது. மாலை பஸ்ஸில் ஆட்கள் நின்றுகொண்டு வருவார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும். கண்டக்டர்கூட எட்டி நின்றுதான் டிக்கெட்டை நீட்டுவார். பேட்டையில் தனி அறை. அங்கேயும் பேச ஆள் கிடையாது.

போன கார்த்திகையில் ஒரு நாள் பஸ்ஸில் ஓர் அம்மா வந்து, "இங்கன ஆளு வருதா தம்பி?" என்றார். இல்லை என்றதும் உட்கார்ந்தார். நான் கூச்சத்தில் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

"கெடா வளக்கியளோ?"

என் வேலையைச் சொன்னேன். கிடாய் செத்துப்போனாலும், உறைய வைத்த விந்தைக் கொண்டு பல வருஷம் கழித்தும் குட்டி எடுக்கலாம் என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"எங்க வீட்டுக்காரவுக மேல இதே வாசந்தான் அடிக்கும். குளிச்சிட்டு வந்தாத்தான் சோறுன்னு வைவேன். போன வருசம் தவறிட்டாவ." பிறகு மெல்லக் கேட்டார்: "இந்த வாசத்தையும் அப்படி வைக்க முடியாதோ?"

தச்சநல்லூரில் இறங்கும்வரை அவர் தள்ளி உட்காரவே இல்லை.

இப்போது சித்திரை. கிடாய்கள் அடங்கிவிட்டன, என் வீச்சமும் போய்விட்டது. பக்கத்தில் தினமும் யாராவது உட்காருகிறார்கள். நான் ஐப்பசிக்குக் காத்திருக்கிறேன்.