காட்டுத் திரையில் ஒரு பாதை

ராயபுரத்தில் இருந்த என் போட்டோ ஸ்டுடியோவுக்கு நானே ஒரு காட்டுத் திரை வரைந்திருந்தேன். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், நடுவே பனிக்குள் மறையும் ஒற்றையடிப் பாதை. காட்டை நான் கண்ணால் கண்டதில்லை. காலண்டர் படத்தைப் பார்த்து வரைந்ததுதான். பாதை மட்டும் சரியாக வரவில்லை. அதனால் வருகிறவர்களை அதை மறைத்தாற்போல் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவேன்.

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய சமயம் அது. அப்படி வந்து வியாசர்பாடியில் குடியேறிய ஒருவர் படம் எடுக்க வந்தார். திரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அதை நடுவுக்கு இழுத்தேன். அவர் மறுபடியும் ஓரத்துக்கே போனார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நைனா, பேஜார் பண்றே? படம் எடுக்கிறது நானா, நீயா? நடுவுல குந்து!"

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார். "என் சம்சாரம் பர்மாக்காரி. பெத்தவளை விட்டுட்டு வர முடியாம அங்கேயே தங்கிட்டா. இந்தப் படம் அவளுக்கு அனுப்பத்தான். அங்க அவ தண்ணிக்குப் போய் வர்ற பாதை இப்படித்தான் இருக்கும். நான் அதை மறைச்சுக்கிட்டு உக்காந்தா அவ எப்படி வருவா?"

நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தில்தான் என் காடு முதன்முதலாகக் காடாகத் தெரிந்தது. எனக்கும் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொண்டேன். இன்றும் அதைக் கையில் எடுத்தால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அந்தப் பாதைக்குத்தான் போகிறது, யாராவது வருகிறார்களா என்று.