ஜீப்பில் ஓடிய பாட்டு

என் மகள், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இரண்டு ஆங்கில ராக் பாட்டுகளை அடுத்தடுத்துப் போட்டாள். என் சிறுவயதில், கூடலூர் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் முட்டிக்கொண்ட அதே பாட்டுகள்.

பின்னால் வந்த குழு முன்னதைக் கேட்டுத்தான் வாசித்தது என்பார், ஜீப் டேப்பில் இரண்டையும் கேட்டபடி வண்டி ஓட்டிய சித்தப்பா. முன்னதைப் பேட்டரி ரேடியோவில் கேட்டிருந்த அப்பா, பின்னதை வீட்டுக் கரண்ட் டேப்பில் போட்டுவிட்டுச் சொல்வார்: "இழவு வீட்டுப் பாட்டு மாதிரி இழுக்குது. அது எங்க, இது எங்க?"

சாயங்காலம் தோட்டமெல்லாம் பம்புசெட் ஓடும். கரண்ட் குறைந்து டேப் மெதுவாகச் சுற்றும். யாருக்கும் அது உறைக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, பேச்சே நின்றுபோனது. சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போனில் இரண்டு பாட்டும் ஒரே வேகத்தில் ஓடி முடிந்ததும் அப்பா பேத்தியிடம் சொன்னார்: "அவன் சொன்னது சரித்தேன் ஆத்தா. 'ஜீப்புல வந்து கேளுண்ணே'ன்னு கூப்பிட்டான். நாந்தேன் ஏறல."