எஃகுத் தோட்டாவும் ஃபுல் சோக்கும்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இரும்புக் குழாய்களின் உள்விட்டத்தை அளந்து பார்ப்பது அமலாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் துப்பாக்கியால் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவாள். அவள் ஊரான வடக்குப்பட்டிலிருந்து மாவட்டப் போட்டிக்குப் போன முதல் பெண் அவள்தான்.

அந்தப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முன்னால் ஈயக் குண்டுத் தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. கிளப் செயலாளர் ஜீவானந்தம் வேறொரு பெட்டியைக் கொடுத்தார். எஃகுக் குண்டு என்று போட்டிருந்தது.

அமலா துப்பாக்கியைத் திறந்து, காலிதான் என்று உறுதி செய்துகொண்டு, குழல் முனையில் திருகியிருந்த சோக்கைக் கழற்றினாள். குழல் வாயைக் குறுக்கி, குண்டுகளைச் சிதறாமல் நெருக்கி அனுப்பும் ஃபுல் சோக் அது. ‘ஈயம் மட்டும்’ என்று விளிம்பில் பொறித்திருந்தது.

“ஒரு ரவுண்டு தானேம்மா, ஒண்ணும் ஆவாது. அடி” என்றார் ஜீவானந்தம்.

“இந்தக் குறுகல்ல ஈயம் நசுங்கி வெளிய போயிடும் சார். எஃகு நசுங்காது, குழலு உப்பிக்கும். எஃகுக்கு ஆவும்னு போட்ட அகல சோக்கு எடுங்க.”

“அதுல குண்டு சீக்கிரம் பரவிடும். தூரம் போன தட்டு சிக்காது.”

“தூரம் போவ வுட்டாத்தானே!”

குழலிலும் எஃகுக்கான முத்திரை இருப்பதைப் பார்த்த பிறகே அகல சோக்கை மாட்டினாள். நடுவர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

முதல் மூன்று தட்டுகள் தப்பிவிட்டன. பழகிய நிதானத்தை விட்டு, தட்டு எழும்பியதுமே சுட ஆரம்பித்தாள். மீதி இருபத்திரண்டில் பத்தொன்பது தூளாயின. ஐந்தாவது இடம். மாநிலப் போட்டிக்கு ஆறு பேர் போகலாம்.

ஜீவானந்தம் கைகொடுக்க வந்தார்.

“ஸ்டேட்டுல எந்தத் தோட்டான்னு இப்பவே கேட்டு வைங்க சார்” என்றாள்.