அன்னாசி டார்ட்டும் இரண்டு கைகளும்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் செங்காங் வீட்டில் அம்மாவும் சித்தியும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். தாத்தா பாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்தியை வளர்த்து ஆளாக்கியது அம்மாதான். அதனால் அது அக்காவின் கோபமாக இல்லாமல் பெற்றவளின் கோபமாகவே இருந்தது. ஆனால் சமையலறை ஒன்றுதானே.

"அவளைப் பால் குடிக்கச் சொல்லு" என்பாள் அம்மா என்னிடம். சித்தி கையெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

"குமட்டுதுன்னு சொல்லு."

"குமட்டினாலும் குடிக்கணும்னு சொல்லு."

நான் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பேன். பள்ளியில் வகுப்புத் தலைவியாக இருந்ததைவிட இது பெரிய பதவியாகத் தோன்றியது.

சித்தி காலையில் வாந்தி எடுப்பதற்கு அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள கடையின் மீ கோரெங் நூடுல்ஸ்தான் காரணம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நம்பினேன். ஒத்துக்கொள்ளாததைத் தினமும் போய் ஏன் தின்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். சித்திக்கும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் பொங்கோலில் அரசாங்கம் கட்டும் அடுக்குமாடியில் ஒரு வீடு பதிவாகியிருந்தது. சாவி கைக்கு வந்ததும் தாலி என்று ஏற்பாடு. இங்கே பல பேர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சாவியைத்தான் பார்க்கிறார்கள். வீடு தரையைவிட்டு எழும்புவதற்குள் சித்தியின் வயிற்றில் பிள்ளை வந்துவிட்டது. அம்மாவின் பயமெல்லாம் மாப்பிள்ளையின் அம்மாவை நினைத்துத்தான். "அவங்க ஒரு வார்த்தை சொல்லிக் காட்டிட்டா, இவ காலத்துக்கும் அந்த வீட்டுல தலை நிமிர முடியாது" என்று அப்பாவிடம் புலம்புவாள்.

ஆகவே காரணத்தைச் சொல்லாமல் கல்யாணத்தை முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். அம்மா வடையும் கேசரியும் வைத்துவிட்டு, மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தாள்.

"ஜோசியர் என்னமோ மாசியிலயே முடிச்சுடச் சொல்றார். தவறவிட்டா ரெண்டு வருஷத்துக்கு நேரம் சரியில்லையாம்."

மாப்பிள்ளையின் அம்மா ஏன் எதற்கு என்று கேட்பார் என்று அம்மாவும் அப்பாவும் சித்தியும் காத்திருந்தார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நானே அதைச் சொல்லத்தான் வந்தேன். இவருக்குக் கொஞ்ச நாளா நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. சீக்கிரம் கல்யாணத்தைக் கண்ணால பார்த்துடணும்ங்கறார்."

இவர் என்று காட்டப்பட்டவர் அப்போது நாலாவது வடையில் இருந்தார். மனைவி பார்த்த பார்வையில் வடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை இருமினார். மாப்பிள்ளை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். நான்தான் வெறும் வடை கேசரியோடு அனுப்புகிறார்களே என்று வருத்தப்பட்டேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி புத்தாண்டுக்குக் கொடுத்த பைனாப்பிள் டார்ட் டப்பாவை அம்மா குளிர்பெட்டிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தாள். நாற்காலி போட்டு ஏறி எடுத்து வந்து நடுக்கூடத்தில் திறந்தேன். சித்திக்கு அது என்றால் உயிர். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் பாய்ந்தன. ஒன்று அம்மாவுடையது. மற்றது மாப்பிள்ளையின் அம்மாவுடையது. டார்ட் பறந்துபோய்ச் சோபாவுக்கு அடியில் உருண்டது.

அன்னாசியும் பப்பாளியும் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பது நம் பெண்களின் கைகளுக்கே தெரியும். அவை மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. அம்மாக்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகன் சொல்லி அந்த அம்மாவுக்கு முன்பே எல்லாம் தெரியும். நாங்கள் கூனிக் குறுகக்கூடாது என்றுதான் புருஷனை நோயாளியாக்கிக் கூட்டி வந்திருக்கிறார்.

அந்த நோயாளிதான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு ஒண்ணு குடும்மா. நான் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது லா."

அப்பா சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா, தட்டிவிட்ட அதே கையால் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "புளிப்பா வேணும்னா எனக்குப் போன் பண்ணு. மாங்கா வாங்கிட்டு வரேன். கண்டதையும் வாயில போடாத."

அம்மாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "போ, போய்க் கை கழுவிட்டு வா" என்றாள் சித்தியைப் பார்த்து, நேராக. நான் சொல்லி அனுப்பத் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு பலகாரத்தைத் தின்ன விடாதவர், பிறகு சோறா போடப் போகிறார்? கை கழுவப் போன சித்தி அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். காதோடு காதாகச் சொன்னேன்.

"வேணாம் சித்தி. அந்த ஆன்ட்டி ரொம்ப மோசம். இந்த மாப்பிள்ளைய வேணாம்னு சொல்லிடு."

சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

"அவருக்காக இல்லாட்டியும், அந்த ஆன்ட்டிக்காகவே கட்டிக்கலாம்டி."

இதற்குமேல் இவளுக்கு எப்படிப் புத்தி சொல்வது என்று தெரியாமல், கல்யாணத்தன்று பந்தியில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த ஆன்ட்டி அவள் இலையிலிருந்து எதையும் எடுத்துவிடாதபடி காவல் காத்தேன்.